எட்டு வால்வும் ஒரு கட்டைவிரலும்

அளக்காமலே அடித்துச் சொல்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாவம், அவர்களை விட்டுவிடுவோம். இங்கே சொல்லவந்தது வேறு ரகம். இவர்கள் அளப்பார்கள். நல்ல கருவியாக வாங்கிவைத்து, எண்ணெய் தடவித் துடைத்து, நாலு பேர் பார்க்கும்படி வெளியே எடுத்து, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு அளப்பார்கள். ஆனால் விடையை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் அளப்பார்கள். கருவி ஆமாம் என்றால் அது நல்ல கருவி. இல்லை என்றால் கருவியில் கோளாறு. இந்த ரகம் எந்த ஊரில்தான் இல்லை? இருந்தாலும் முழுதாக விளைந்த ஒருவரைப் பார்க்கவேண்டுமென்றால் சாத்தூருக்குத்தான் வரவேண்டும். நாற்கரச் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில், வேன்களும் லோடு வண்டிகளும் வாயைப் பிளந்து நிற்கும் பட்டறையில் இருக்கிறார் செய்யது அபுதாஹிர்.

வலது கைக் கட்டைவிரல்தான் அவருடைய சொத்து. இன்ஜின் சூட்டை அது சொல்லும், ஆயில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும், பக்கத்துக் கடைக்காரருக்குக் காய்ச்சல் நூறா நூற்றிரண்டா என்றுகூடச் சொல்லும். மகள் ருமானாவின் கல்யாணத்துக்கு பீரோ வாங்கப் போனபோது, கடைக்காரர் வீட்டு வாசலின் அகலம் கேட்டார். இவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பீரோ வந்தது. வாசலில் நுழையவில்லை. வேறு யாராக இருந்தாலும் பீரோவை மாற்றியிருப்பார்கள். இவர் கொத்தனாரை வரவழைத்து நிலையைப் பெயர்த்து வாசலை அகலப்படுத்தினார்; வீடு கட்டினவனுக்கு அளவே தெரியவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தார். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவர் மனைவி சுலைகா இன்றைக்கும் ஒரு பெருமூச்சு விடுகிறார். அது பெருமையில் வருகிற மூச்சு என்பது அபுதாஹிரின் கணிப்பு.

இப்படிப்பட்டவரிடம்தான் தாயில்பட்டி தங்கச்சாமி தன் வேனைக் கொண்டுவந்து விட்டான். பரம்பரையாகக் காடுகழனிக் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் அதுதான் முதல் வண்டி. காலையில் ஊர்ப் பெண்களை ஏற்றிப் பட்டாசுக் கம்பெனியில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது அதன் பிழைப்பு. தீபாவளி சீசன் நெருக்கடி. சூப்பர்வைசர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை ஆறு மணிக்கு வண்டி வந்து நிற்கவேண்டும், இல்லாவிட்டால் சீசன் முடிகிறவரை டிரிப் மாரிக்கண்ணன் வேனுக்கு. வெள்ளிக்கிழமை ஹெட்டில் புகை. சனிக்கிழமை ஹெட் கழற்றப்பட்டு மேஜைமேல் மல்லாந்து கிடந்தது.

ஹெட் என்பது இன்ஜினின் மூடி. அதில் எட்டு வால்வுகள், ஒவ்வொன்றும் தன் சீட்டில் தட்டுப்போல உட்கார்ந்திருக்கும். தேய்ந்த சீட்டைச் சாணை பிடித்தால் வால்வு கொஞ்சம் உள்ளே இறங்கும். ஹெட்டின் முகத்திலிருந்து எவ்வளவு இறங்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. அதற்குமேல் இறங்கினால் அமுக்கம் நிற்காது, காலைக் குளிரில் வண்டி எழுந்திருக்காது. அப்படி இறங்கிப்போனால் புது சீட் அடித்து, மறுபடி அளந்து உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அபுதாஹிருக்கு இது தெரியாதா? பத்துப் பேருக்குப் பாடம் நடத்துமளவுக்குத் தெரியும்.

முதல் வால்வின்மேல் கட்டைவிரலை வைத்தார். கண்ணை மூடினார். பட்டறையே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. "கச்சிதமா இருக்கு" என்றார். பிறகு பச்சை வெல்வெட் பெட்டியைத் திறந்து, ஆழம் அளக்கிற டயல் கேஜை எடுத்தார். எடுத்தவர் ஹெட்டின் முகத்திலிருந்தல்லவா அளக்கவேண்டும்? கேஜின் முனையை அந்த முதல் வால்வின்மேலேயே நிறுத்தி, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். விரல் சரி என்று சொன்ன பிறகு அதற்குமேல் என்ன? மற்ற ஏழையும் அந்தப் பூஜ்யத்துக்கு வரும்வரை சாணை பிடித்து, சாணை பிடித்து, இறக்கினார். அந்த ஹெட்டோ ஏற்கெனவே மூன்று பட்டறை பார்த்தது. முதல் வால்வு எவ்வளவு ஆழத்தில் கிடந்ததென்று யார் கண்டார்? சாயங்காலத்துக்குள் எட்டும் சமம். முள் எட்டுத் தடவையும் பூஜ்யத்தில் நின்றதை அபுதாஹிர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

வேலை விட்டு வந்த தங்கச்சாமியின் மனைவி குருவம்மாளும் எட்டிப் பார்த்தாள். வெடிக் குழலுக்குள் மருந்து அடைப்பது அவள் வேலை. எட்டையும் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"எட்டும் ஒண்ணுபோல இருக்கு, சரி. மொத வால்வ எத வச்சுப் பாத்தீக பாய்?"

"முப்பது வருசக் கை தாயி."

"எங்க கம்பெனியில முப்பது வருசக் கை உள்ளவுகளும் அளவுக் கரண்டியத் தராசுல சரிபாத்துட்டுத்தான் எடுப்பாக. கைய நம்புனவுக போட்டோவுல இருக்காக."

மருந்து வேறு, மோட்டார் வேறு என்று அபுதாஹிர் சிரித்தார். தங்கச்சாமி மனைவியைக் கண்ணால் அதட்டினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயிலில் ஹெட்டை ஏற்றி முடுக்கியபோது, நெடுநேரம் இருமிவிட்டு இன்ஜின் எழுந்துவிட்டது. கேட்டீர்களா சத்தத்தை என்று அவர் தங்கச்சாமியின் முதுகில் தட்டினார்.

திங்கட்கிழமை விடியலில் தாயில்பட்டியில் வண்டி எழுந்திருக்கவில்லை. தங்கச்சாமி போனில் கூப்பிட்டான். அபுதாஹிர் படுக்கையில் கிடந்தபடியே நோய் கண்டுபிடித்தார். முதலில் பேட்டரி சரியில்லை. பிறகு டீசலில் தண்ணீர். பிறகு பனி. சாத்தூர்ப் பக்கம் பனியாம்! கடைசியில் சாவி திருகுகிற கைக்குப் பக்குவம் போதாது என்றார். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு இருபது பெண்கள் வேனைத் தள்ளினார்கள். ஊர்க் கடைசிவரை தள்ளினார்கள். வெள்ளைப் புகை வந்தது, அதோடு சரி. ஆறரைக்கு மாரிக்கண்ணன் வேன் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போனது. அதில் குருவம்மாளும் ஏறினாள், வேறென்ன செய்வாள்? தங்கச்சாமி தன் வண்டிப் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். எல்லோரையும் டீக்கு அனுப்பிவிட்டு, அபுதாஹிர் தனியாக ஹெட்டைக் கழற்றி, முதல்முறையாகக் கேஜை ஹெட்டின் முகத்தில் வைத்துப் பூஜ்யம் பிடித்து அளந்தார். ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கவேண்டியது இரண்டு மில்லிமீட்டருக்கு இறங்கியிருந்தது. கேஜை உதறினார். தட்டினார். பழைய வெர்னியர் அளவுகோலைத் தேடி எடுத்து அளந்தார். அதுவும் கட்சி மாறிவிட்டது. எட்டும் ஒன்றுபோலத் தப்பு. அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது, காது சுட்டது. எவ்வளவு நேரம் இருந்தது என்றுதான் யாரும் அளக்கவில்லை.

எட்டுக்கும் புது சீட் அடித்து, அரைத்து, ஒவ்வொரு வால்வையும் முகத்திலிருந்து அளந்து உயரத்தைச் சரிசெய்தார். குறை சொல்லக்கூடாது, அருமையான வேலை. புதன்கிழமை ஒரே திருகலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. "பளைய சீட்டெல்லாம் தேஞ்சு கெடந்துச்சுப்பா. நான் தொட்ட அன்னைக்கே சந்தேகப்பட்டேன்" என்றார். தங்கச்சாமி தலையை ஆட்டினான். டிரிப் கைவிட்டுப் போயிருந்தது. இனித் தீபாவளி வரை மல்லாங்கிணறுப் பக்கம் சோள மூடை ஏற்றுகிற வாடகை ஏதாவது அகப்பட்டால் உண்டு. குருவம்மாள் மட்டும் கேட்டாள்.

"இந்தத் தடவ எதுல இருந்து அளந்தீக பாய்?"

"ஹெட்டு மொகத்துல இருந்துதான். வேற எதுல இருந்து அளக்க?"

"அப்பப் போன தடவ?"

அபுதாஹிர் கழிவுப் பஞ்சை எடுத்துக் கட்டைவிரலைத் துடைக்க ஆரம்பித்தார். அவர்கள் வண்டி ரோட்டுக்கு ஏறி மறைகிறவரை துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் வந்த லோடு வண்டிக்காரரிடம் விரலைத் தூக்கிக் காட்டி, அந்தத் தாயில்பட்டி வேனில் எட்டு சீட்டும் போயிருந்ததை இதுதான் கண்டுபிடித்தது என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். படிக்கும்போதே உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் வந்திருக்குமே? மைத்துனரோ, ஆபீஸ் மேனேஜரோ, எதிர்வீட்டுக்காரரோ. 'அச்சு அசல் இவர்தான்' என்று வாய்விட்டும் சொல்லியிருப்பீர்கள். நல்லது, அளந்துவிட்டீர்கள். அந்த மனிதர் எவ்வளவு கோணல் என்று அளக்க, முள்ளை எங்கே வைத்துப் பூஜ்யம் பிடித்தீர்கள்? உங்கள்மேல்தானே? குருவம்மாள் வந்து கேட்பதற்குள், கொஞ்சம் பஞ்சு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.