நீலச் சட்டையின் கடைசிப் பட்டன்

சட்டைக் கம்பெனி வாசலைத் தாண்டி நாலடி வைத்த பிறகுதான், தான் போட்டிருப்பது என்ன சட்டை என்ற நினைப்பு கட்டிங் மாஸ்டருக்கு வந்தது.

தெருவெல்லாம் வெளிநாட்டுப் பழைய துணி மலிவு விலைக்குக் குவிந்து கிடக்க, கம்பெனியின் புதுச் சட்டையைச் சீந்த ஆளில்லை. பாதி மெஷின்கள் உறை போட்டுத் தூங்கின. அந்தக் கோபத்தில் முதலாளி நேற்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்: வெளிநாட்டுப் பழசைப் போட்டுக்கொண்டு வருபவர் அப்படியே வீட்டுக்குப் போகலாம்.

மாஸ்டர் உடம்பில் இருந்தது அந்தப் பழசுதான். மனைவி தெருக் குவியலில் பொறுக்கியெடுத்த, வெளுத்துப்போன நீலச் சட்டை. காலையில் கண்ணாடி முன் நின்று, "கழுத்து வெட்டைப் பாரு. நம்ம ஆளுங்களுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது" என்று வேறு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

லேபிள், பட்டன் வைக்கும் அறைக்குள் புகுந்து தாழ் போட்டார். வெளிநாட்டு லேபிளைக் கத்தரியால் அறுத்தார். கூடவே துணியும் கொஞ்சம் வந்தது. ஓட்டையை மறைக்கக் கம்பெனி லேபிளை வைத்துத் தைத்தார். கடைசிப் பட்டன் இல்லாதது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று கம்பெனிப் பட்டன் ஒன்றையும் தைத்தார்.

வெளியே வந்தால் முதலாளி. துணியைத் தடவினார், கழுத்தைப் புரட்டினார்.

"இந்த நீலத்தை நாம ஒரு கடைக்கும் அனுப்பலையே மாஸ்டர். குடோன்லேருந்து எடுத்தீங்களா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. உண்மையைச் சொன்னால் துரோகி, சொல்லாவிட்டால் திருடன். இருபது வருஷமாக ஒரு நூல்கண்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத மனுஷன். திருடன் என்ற பேரை மட்டும் அவரால் தாங்க முடியாது. வேலை போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டார்.

"குடோன் இல்லீங்க. தெருக் குவியல்ல என் சம்சாரம் வாங்கினது. லேபிளும் பட்டனும் நான் தச்சது."

தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்குக் காத்திருந்தார். வரவில்லை.

"வாங்கிட்டாங்களா?" முதலாளி முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு சிரிப்பு. "பிடிச்சுதாமா அவங்களுக்கு?"

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளி குடோன் பக்கம் திரும்பி, மூட்டை கட்டும் அக்காவைக் கூப்பிட்டார். அவள் வந்து சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"என்ன மாஸ்டர் இது, நீங்க வெட்டின புதுச் சட்டையை நாலு தண்ணி துவைச்சு, வெளிநாட்டு லேபிள் வச்சு, கஷ்டப்பட்டு ஒரு பட்டனைப் பிச்சுப் பழசாக்கித் தெருக் குவியலுக்கு அனுப்பினா, மறுபடியும் தச்சு வச்சிருக்கீங்களே?"