பொருத்தம் அண்ணை விசாரித்த அமெரிக்கச் சம்பந்தம்

2008 ஒக்டோபர் 18, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பிளேன் ரீ குடித்தேன். அடுத்த கிழமைக்கான சேட்டுகளை அயன் பண்ணிக் கொழுவினேன். குளியலறைக் குழாயின் ஒழுக்கைச் சரிசெய்தேன். ஒன்பதரைக்கு அழைப்பு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கதவு திறக்கும்வரை விரலை எடுக்காத மனிதர் எங்கள் பிளேஸ்டோவில் ஒருவர்தான்.

லண்டனில் ஒரு கலியாணத்துக்கு நாள் வைப்பதற்காக, அமெரிக்கப் படைகளை ஈராக்கிலிருந்து வெளியேற்றப் புறப்பட்ட ஒரே தமிழர் எங்கள் பொருத்தம் அண்ணை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கலியாணப் புரோக்கர். எதைக் கேட்டாலும் "பொருத்தம் பாப்பம்" என்பார். எட்மண்டனில் ஒரு செத்தவீட்டில், பெட்டியைத் தோளில் சுமந்து போன பொடியனின் பின்னாலேயே நடந்து, "தம்பி என்ன நட்சத்திரம்?" என்று விசாரித்தவர். அவனும் பெட்டியை இறக்காமலே, "உத்தரட்டாதி, அங்கிள்" என்றான். அந்தச் சம்பந்தம் சரிவந்தது.

எங்கள் மகள் மதுராவுக்கு அவர் கொண்டுவந்த மாப்பிள்ளை சுதன். நியூ ஜெர்சியில் வளர்ந்தவன், அமெரிக்க இராணுவத்தில் பொறியியலாளன். விடுமுறையில் லண்டன் வந்தான், பார்த்தான், பிடித்துக்கொண்டது. மதுராவுக்கும்தான். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அவனை ஈராக்குக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. மதுரா வேலை முடிந்து வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் கொம்பியூட்டரைத் திறந்து அவனிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். வராத நாட்களில் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கமாட்டோம்.

கலியாண மண்டபக்காரரோ திகதி கேட்டு நெருக்கினார். நான் திகதி இல்லாமல் பல் வைத்தியரிடம்கூடப் போகாதவன்.

"நீர் யோசியாதையும் தம்பி," என்றார் பொருத்தம் அண்ணை. "அமெரிக்காவிலை எலெக்ஷன் வருது. நிக்கிற ரெண்டு பேரையும் நான் விசாரிக்கிறன்."

விசாரித்தார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போலவே விசாரித்தார். அமெரிக்காவில் தெரிந்த தமிழருக்கெல்லாம் போன் எடுத்தார். இரண்டு வேட்பாளர்களையும் 'முதல் மாப்பிள்ளை', 'மற்ற மாப்பிள்ளை' என்றே அழைத்தார். அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டு மேசையில் அப்பளத்தை இரண்டாக உடைத்து வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்.

"முதல் மாப்பிள்ளை, இத்தனை மாசத்துக்குள்ளை ஈராக்கிலை இருந்து ஆமியை எடுப்பன் எண்டு கணக்குச் சொல்லுறார். மற்றவர் திகதி சொல்லமாட்டாராம். சண்டையை வெண்டு முடிச்சுத்தான் எடுப்பாராம், நிலைமையைப் பாத்து."

"அப்ப முதலாவது ஆள்தானே நல்லது?" என்றேன்.

"அவசரப்படக் கூடாது. பெண் பாக்க வந்த இடத்திலை எல்லாரும் ரீ நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவினம்."

"அப்ப ரெண்டாவது ஆள்?"

"நிலைமையைப் பாத்து எண்டால் என்ன தெரியுமோ? சீதனம் ஒண்டும் வேண்டாம், பிள்ளைக்கு விரும்பினதைப் போடுங்கோ எண்டு சொல்லுற பகுதி. கடைசியிலை வீட்டையும் எழுதி வாங்கிப்போடுவினம்."

"அண்ணை, அவையின்ர சாதகத்தையும் எடுத்திட்டியளோ?" என்று என் மனைவி சாந்தி குசினியிலிருந்து கேட்டாள்.

"பிறந்த நேரம் சரியாக் கிடைக்குதில்லை, பிள்ளை," என்றார் மனவருத்தத்துடன்.

இலங்கையில் எங்கள் ஊரிலும் அப்போது யுத்தம் நடந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை. "அதுக்கு நான் ஆரிட்டைப் போய் விசாரிக்கிறது, தம்பி?" என்று ஒருமுறை சொன்னதோடு சரி.

அப்பளத்தின் இரண்டு பாதிகளையும் தின்று முடித்துவிட்டுத்தான் உண்மையைச் சொன்னார். கிங்ஸ்பரியில் ஒரே மண்டபத்தில் இரண்டு முகூர்த்தங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். முதல் மாப்பிள்ளை வென்றால் வருகிற ஆவணி. மற்ற மாப்பிள்ளை வென்றால் அதற்கடுத்த ஆவணி. சமையல்காரருக்கும் அப்படியே சொல்லியாயிற்று.

"சமையல்காரருக்கு எப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"உள்ளதைத்தான். ரெண்டு மாப்பிள்ளை நிக்கினம், ஆர் வெல்லுகினம் எண்டு அடுத்த மாசம் தெரியும், அதுக்குப் பிறகு இலைக்கணக்குத் தாறன் எண்டு."

பன்னிரண்டு மணிக்கு, கோயிலில் அந்தச் சமையல்காரரைக் கண்ட சாந்தியின் சிநேகிதி போன் எடுத்தாள். "என்னடி, மதுராவுக்கு ரெண்டு மாப்பிள்ளையாம். போட்டி வைச்சு எடுக்கிறியளாம்?"

"இவர் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்காதையுங்கோ எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்!" என்று சாந்தி என்மேல் பாய்ந்தாள். அவர் அப்போதும் எதிரே இருந்துதான் மோர் குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும் எண்ணம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு நியூ ஜெர்சியிலிருந்து அழைப்பு. சுதனின் தாய். சமையல்காரரின் தங்கை அவருக்கு அடுத்த தெருவாம்.

"என்ர பிள்ளை அங்கை வெடிக்குள்ளை நிக்கிறான். நீங்கள் லண்டனிலை வேற ஆளும் பாக்கிறியளோ? அப்பிடியெண்டால் இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்!"

நான் ஒழுங்காக விளக்கத் தொடங்கினேன். முதலில் மண்டபம், பிறகு முகூர்த்தம், பிறகு தேர்தல். விளக்க விளக்க எனக்கே நம்ப முடியாமல் இருந்தது. மதுரா படியிறங்கி வந்து, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். "அப்பா, அவ என்ன சொல்றா? கான்சலா?"

பொருத்தம் அண்ணை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"தங்கச்சி, நான் புரோக்கர் கதைக்கிறன். அந்த ரெண்டு மாப்பிள்ளையும் பிள்ளைகுட்டிக்காரர். பெண்சாதிமார் உயிரோடை இருக்கினம். அவை உங்கட நாட்டுக்கு ஜனாதிபதியா வரப் போகினம். உங்கட மகனை ஆர் கெதியா வீட்டை அனுப்புவினம் எண்டுதான் விசாரிச்சனான்."

ஸ்பீக்கரில் இல்லாமலே எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, அந்த அம்மா அழுதபடி கேட்டார்:

"ஆர் அண்ணை அனுப்புவினம்?"

இரண்டு மாதமாக அந்தக் கேள்விக்கு என் வீட்டில் மணிக்கணக்காகப் பதில் சொன்ன மனிதர், கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"தெரியாது, தங்கச்சி," என்றார். "ரெண்டு பேரும் மேடையிலை நிண்டு கதைக்கினம். ஒருத்தரின்ர வீட்டுப் படியும் எனக்கு ஏறேலாது. ஆனா நான் பேசின மாப்பிள்ளை ஒருத்தன்கூட மணவறைக்கு வராமல் விட்டதில்லை. உங்கட பொடியனும் வருவான்."

பிறகு அவர்கள் இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள். சுதனுக்குச் சின்ன வயதில் வந்த மூச்சிழுப்பு வரைக்கும் கதை போனது. சம்பந்தம் தப்பியது. மதுரா அவருக்கு முன்னால் இன்னொரு கிளாஸ் மோரைக் கொண்டுவந்து வைத்தாள். "அங்கிள், நீங்க டூ மச்," என்று சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் போகும்போது என் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். மழை பெய்யவில்லை.

மறுநாள் ஞாயிறு. எழுந்ததும், ரீக்குத் தண்ணீர்கூட வைக்காமல், மண்டபக்காரருக்குப் போன் எடுத்தேன். நித்திரைக் குரலில் பேசினார். வருகிற ஆவணியையே உறுதி செய்யச் சொன்னேன்.

"அப்ப, புரோக்கர் சொன்ன அமெரிக்க எலெக்ஷன் முடிவு தெரிஞ்சிட்டுதோ?" என்றார்.

"இல்லை."

புரோக்கர்மாரைக் கலியாணத்தன்று சாப்பாட்டு மண்டபப் பக்கம் இருத்துவதுதான் எங்கள் வழக்கம். மணவறைக்குப் பக்கத்தில், சொந்தக்காரரின் வரிசையில், ஒரு கதிரை கூடுதலாகப் போடச் சொன்னேன்.

"அது ஆருக்கு, அண்ணை?"

"பெண்ணின்ர பெரியப்பாவுக்கு," என்றேன்.