பேப்பர் டிபார்ட்மெண்டின் வீழ்ச்சி

இந்த ஒரு செய்தி மட்டும் என் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை காலை முடிவு செய்தேன். கஷ்டம் என்னவென்றால், அந்தச் செய்தியை ஊருக்கே அச்சடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மிஷின்மேன் நான். பெயர் ஊர்க்காவலன். ஊரைக் காவல் காத்துவிடலாம், வீடுதான் எனக்கு அடங்காது. என் மனைவி மாரிசெல்வி விஸ்வநத்தத்தில் வீட்டு வாசலிலேயே காரச்சேவு போட்டு விற்கிறாள். சாயங்காலம் பட்டாசு கம்பெனி வேன்கள் வந்து நின்றால் போதும், கூட்டம் அம்மும்.

மாவு பிசைவது அவள். கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே கரண்டியைப் பிடித்து மாவைத் தேய்ப்பதும் அவள். மடிக்கிற காகிதம் மட்டும் என் பொறுப்பு. பிரஸ்ஸில் கலர் விலகி வீணாய்ப் போன காலண்டர் ஷீட்டுகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவருவேன். பச்சைத் தாஜ்மகால், ரெண்டு மூக்குக் குழந்தை, எல்லாவற்றிலும் சேவு மடிப்பாள். இதற்கு 'பேப்பர் டிபார்ட்மெண்ட்' என்று நானே பெயர் வைத்து, நானே தலைவராகி, அதைச் சொல்லியே முதல் ஈட்டில் ஒரு தட்டுச் சேவு வாங்கித் தின்றுவந்தேன். அதைச் சொல்லியே அடுப்புப் பக்கம் போகாமலும் தப்பித்துவந்தேன்.

அதற்குத்தான் வேட்டு வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆபீஸ் ஆர்டர், ஐயாயிரம் நோட்டீஸ். 'அச்சடித்த காகிதத்தில் தின்பண்டம் மடிக்கக் கூடாது. மீறினால் அபராதம்.' இரண்டு வரிக்கு மேல் படிக்க எனக்குத் தெம்பில்லை. டிபார்ட்மெண்ட் போனால் கரண்டி என் கைக்கு வரும்!

அன்று வழக்கம்போல் ஒரு கட்டு ஷீட்டை வீட்டில் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பார்த்தால், எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சுவரில் அதே நோட்டீஸை ஒட்டியிருக்கிறார்கள். கிழிக்கப் பார்த்தேன். பசை நம்ம ஊர்ப் பசை, வரவில்லை. வேறு வழியில்லாமல் அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றேன். ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை.

மாரிசெல்வி ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"என்னங்க, செவத்துக்கு முட்டுக் குடுக்கீகளா?"

"தலை சுத்துது, செல்வி."

"அதுக்கு வீட்டுல வந்து படுக்க வேண்டியதுதான?"

"இங்கன காத்து நல்லா வருது."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு நூலோடு வந்தாள்.

"கோயில்ல மந்திரிச்சது. அசையாம நில்லுங்க."

என் தலையைச் சுற்றி நூலைப் பிடித்து, ஒரு முடிச்சுப் போட்டு, பத்திரமாக எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இம்புட்டுப் பாசக்காரியையா ஏமாற்றுகிறோம்? ஆனாலும் சுவரை விட்டு நகரவில்லை. வியாழக்கிழமையும் நின்றேன். வேன் கூட்டம் மறைத்ததில் எதிரே கடையில் நடப்பது எதுவும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்து நின்றது. கையில் பைலோடு ஒரு பெண் ஆபீசர் இறங்கி, நேராக எங்கள் வாசலுக்குப் போனார். செல்வி என்ன பாவம் செய்தாள்? மறைத்தவன் நானல்லவா? பதறியடித்து ஓடினேன்.

"மேடம், தப்பு என்னோடது! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதுறதா இருந்தா எம்பேர எழுதுங்க!"

"எந்தத் தப்பு?" என்றார் ஆபீசர்.

அப்போதுதான் பார்த்தேன். சேவு எல்லாம் அச்சில்லாத வெள்ளைக் கவரில் அடுக்கியிருந்தது. மாரிசெல்வி ஒரு ரசீதை நீட்டினாள். கடையைப் பதிவு செய்ய விண்ணப்பித்த ரசீது.

"ஊர்க்காவலன் நீங்கதானா?" ஆபீசர் ரசீதோடு இருந்த தாளைப் புரட்டினார். "உங்க பேரு ஏற்கெனவே இதுல இருக்கே. எல்லாம் சரியா இருக்கும்மா."

ஜீப் போய்விட்டது. அப்பாடா! அபராதம் இல்லை, கடைக்கு ஆபத்தில்லை. சுவரிலிருந்தும் விடுதலை. அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும் செல்வி?"

"நீங்கதான கொண்டாந்தீக. செவ்வாக்கெளம கட்டப் பிரிச்சேன். மேல நாலு காலண்டரு. அடியில பூராம் வீணாப்போன நோட்டீஸு. வரி விடாமப் படிச்சேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுதீகளான்னு பாத்தேன்."

தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு ஒரு நப்பாசை எட்டிப்பார்த்தது.

"எம்பேர எழுதியிருக்கியே, முதலாளின்னா?"

"முதலாளி நான். நீங்க சேவு தேய்க்கிற ஆளு. நோட்டீஸுல ஏழாவது வரி பாக்கலையா? தேய்க்கிறவுக தலையில தொப்பி போடணும்."

வெள்ளைத் துணியில் தைத்த தொப்பியை எடுத்தாள்.

"எந்தலை பெருசு. எனக்குச் சேராது" என்றேன், கடைசி நம்பிக்கையாக.

மாட்டிவிட்டாள். காதுக்கு மேலே கச்சிதமாக உட்கார்ந்தது.

"சேராமப் போவுமா? பின்ன புதங்கெளம தலையச் சுத்தி நூலு பிடிச்சது எதுக்காம்?"