தோல் பரமபதம்

பாம்பின் வால் ஏன் சுண்ணாம்புக் குழியில் போய் முடிகிறது என்று சர்தார் பாஷா கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

வேலூர் லாங் பஜாரில் விளையாட்டுப் பலகை வரைந்து விற்கும் ரஷீத் அஹமதுவுக்குத் தன் திறமையில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சர்தாரின் மனைவி அன்வரி பேகம் ஆம்பூரிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, இவ்வளவு தாமதமாகவா என்றுதான் நினைத்தார்.

சர்தாரும் அவர் தம்பி வாஹித் பாஷாவும் தோல் பதனிடும் இடத்தின் நடுவே சுவர் எழுப்பிப் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம். பெருநாளன்று இருவரையும் ஒன்றாக உட்காரவைக்க ஒரு விளையாட்டு வேண்டும் என்றார் பேகம். ரஷீத் பரமபதத்தையே தோல் வியாபாரமாக மாற்றினார். கீழே ஆட்டுச் சந்தை. வைகுண்டம் இருக்க வேண்டிய இடத்தில், தோல் கப்பலேறிப் போகும் லண்டன். முன்கூட்டியே காட்டி சபாஷ் வாங்கலாம் என்று கொண்டுபோனதுதான் வினை.

தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகள் சர்தார் பங்கில் இருந்தன. தன் குழியில் தோல் கெடுகிறதென்று குத்திக்காட்டுவதாக அவர் எடுத்துக்கொண்டார். ரஷீத் அசரவில்லை. வாலை அழித்து, தோல் காயப்போடும் களத்துக்கு நீட்டினார். களம் தம்பியின் பங்கு. வாஹித் பலகையைத் தொடவே மறுத்துவிட்டார். சரி, யார் பங்கும் வேண்டாமென்று வாலை நடுவில் விட்டார். நடுவில் இருந்தது சுவர். அந்தப் பாம்பு யார், நானா அவனா என்று அண்ணனும் தம்பியும் தனித்தனியாக ஆள் அனுப்பிக் கேட்டார்கள்.

கடைசியில் பாம்புகளை எல்லாம் துடைத்துவிட்டு, அத்தனை இடத்திலும் ஏணி வரைந்தார். இனி யாருக்கும் மனத்தாங்கல் வர வழியே இல்லை என்று நிமிர்ந்து நடந்து பெருநாள் விருந்துக்கு வந்தார்.

பேகம் அண்ணனையும் தம்பியையும் பலகை முன் உட்காரவைத்தார். சர்தார் தாயக்கட்டையை உருட்டினார். ஏணி மேல் ஏணியாக ஏறி நேரே லண்டன். வாஹித் உருட்டினார். அவரும் லண்டன். வைத்த டீ இன்னும் ஆறவில்லை.

"இப்ப இன்னா செய்யணும்?" என்றார் சர்தார்.

"ஜெயிச்சிட்டீங்க பாய். ரெண்டு பேருமே," என்றார் ரஷீத்.

"அப்புறம்?"

"வேணும்னா இன்னொரு தடவை ஜெயிக்கலாம்."

வாஹித் மெல்ல நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"பாய்ஜான், இந்த ஆளை எங்க புடிச்சீங்க?"

"எனக்கு இன்னா தெரியும் தம்பி? உங்க அண்ணி வேலை."

அண்ணன் ஆட்டத்தைத் திட்டினார். தம்பி வர்ணத்தைத் திட்டினார். ஏணிகள் கோணல் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. திட்டித் திட்டி ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடவும் தொடங்கிவிட்டார்கள்.

ரஷீத் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சமையல்கட்டு வழியாக நழுவினார். சமையல்கார ஹலீமா பீ அவரை மறித்து உட்காரவைத்து, தட்டு நிறைய பிரியாணி போட்டாள். பேகம் நம்பிக் கொடுத்த வேலையில் தோற்றுவிட்டேனே என்று அவர் முனகினார்.

"யாரு சொன்னது?" என்றாள் ஹலீமா பீ. "ரெண்டு பேரும் சேந்து திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும், வேலூரு பூரா விசாரிச்சி விளையாட்டே செய்யத் தெரியாதவரா பாத்து இட்டுக்கினு வாங்கன்னுதான் பேகம் சொல்லி அனுப்பினாங்க."