இரும்புக் கடா பத்து

"இனி ஒரு துப்பாக்கி வாங்கினால் என் பெயர் ஹார்லன் இல்லை."

கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னான். மச்சினன் குடும்பம், போதகர், எல்லார் முன்னாலும், வான்கோழி வெட்டும் கத்தியை ஓங்கிக்கொண்டு சொன்னான். ஏப்ரல் பிறந்தது. பெயர் போயிற்று.

வீட்டில் ஏற்கெனவே பதினொன்று இருந்தது. எல்லாம் பழைய லீவர் துப்பாக்கி. விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே, புதுத் தோட்டா உள்ளே. அவ்வளவுதான் சமாசாரம். இந்த ஒரே காரியத்தைச் செய்ய ஒரு மனிதனுக்கு எதற்குப் பதினொன்று? மொன்டானாவில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. மனைவிமார் மட்டும் கேட்பார்கள்.

பன்னிரண்டாவது ஒரு பண்ணை ஏலத்தில் கிடைத்தது. நூறு வயது தாண்டியது. குதிரைச் சேணத்தில் உரசி உரசி அதன் மரக்கட்டை வழவழவென்று தேய்ந்திருந்தது. லீவரைத் தள்ளினால் எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. ஹார்லன் அதை ஒருமுறை தோளில் வைத்துப் பார்த்தான். அப்புறம் கீழே வைக்க மனம் வரவில்லை. கலியாணத்தன்றுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு களை இருந்ததில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் உண்டு. ஹார்லன் முழுத் துப்பாக்கியைப் போர்வையில் மறைத்தான். நிலவறையில், வெந்நீர்க் கொதிகலனுக்குப் பின்னால். இடம் நல்ல இடம்தான். போர்வைதான் தப்பு. அது மனைவி வெர்னாவின் அம்மா தைத்த ஒட்டுத்துணிப் போர்வை. மே மாதம் தேவாலயத்துப் பெண்கள் போர்வைக் கண்காட்சி வைத்தார்கள்.

ஹார்லன் காபி குடிக்க வந்தபோது சமையலறை மேஜைமேல் துப்பாக்கி கிடந்தது. பக்கத்தில் வெர்னா.

"இது என்ன ஹார்லன்?"

"போர்வை."

"போர்வைக்குள்ள இருந்தது?"

"அதுவா? கஸ்ஸோடது. சுத்தம் பண்ணித் தரச் சொன்னான்."

"இப்பத்தான் கஸ்ஸுக்குப் போன் போட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஆமா, என்னோடதுதான்னான். என்ன தோட்டா போடறதுன்னு கேட்டேன். போனை வச்சுட்டான்."

கஸ் பக்கத்துப் பண்ணைக்காரன். கலியாணம் ஆகாதவன். ஆகவே கலியாண வாழ்க்கையைப் பற்றி எல்லாம் தெரிந்தவன்.

வெர்னா கத்தவில்லை. கத்தினால் சமாளித்துவிடலாம். மெதுவாக உட்கார்ந்தாள்.

"சரி. ஒரு பந்தயம் வைப்போம். ஞாயித்துக்கிழமை போட்டியில இதாலேயே சுடு. பத்து இரும்புக் கடாவுல அஞ்சு சாய்ச்சா இது உன்னோடது. நான் வாயே திறக்கமாட்டேன்."

"சாயலேன்னா?"

"என்னோடது."

"உன்னோடதா! நீ என்ன பண்ணுவே இதை வச்சு? அவரைக்கொடி கட்டுவியா?"

"அது என் பாடு."

ஹார்லன் விழுந்து விழுந்து சிரித்தான். கைகொடுத்து ஒப்புக்கொண்டான். அந்தச் சிரிப்பு கோழிக்கொட்டில் போகும்வரை இருந்தது. அங்கே, தீவனவாளி கையில் இருக்க, நினைவு வந்தது. வாளி விழுந்தது.

விஷயம் இதுதான். போட்டியில் கோழி, பன்றி, வான்கோழி, கடா எல்லாம் இரும்பில் வெட்டி வைத்திருப்பார்கள். கடாதான் கடைசி. இருநூறு மீட்டர். நின்றுகொண்டே சுட வேண்டும். சாய்ந்துகொள்ள ஒன்றும் கிடையாது. துப்பாக்கியில் தொலைநோக்கி கிடையாது. தப்பிய குண்டு எங்கே போனது என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. அதற்காகப் பின்னால் ஒருவர் தொலைநோக்கி வைத்துப் பார்த்துச் சொல்வார். கடிகாரக் கணக்கு. பன்னிரண்டு மணி என்றால் மேலே. ஆறு கீழே. மூன்று வலது. ஒன்பது இடது.

இருபத்திரண்டு வருஷமாக ஹார்லனுக்குப் பின்னால் நின்று மணி சொல்கிறவள் வெர்னா.

அதுவும் கைக்குப் பழகாத துப்பாக்கி. ஒளித்தே வைத்திருந்ததால் ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்த்ததில்லை. அவள் சொல்வதுதான் கண். அவளுக்கோ அவன் தோற்க வேண்டும்.

வேலியோரம் கஸ்ஸைப் பிடித்தான்.

"நீ வந்து பார்த்துச் சொல்லுடா."

"நான் உன் பக்கத்துத் தடத்துல சுடறேன். எனக்கு எத்தனை கண்ணு இருக்கு?"

"அவ பொய் சொல்லுவாடா கஸ்!"

"சொல்லாம? நானா இருந்தா சொல்லுவேன்."

"இப்ப நான் என்ன பண்றது?"

கஸ் தொப்பியைத் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "இதுல என்னடா இருக்கு. வலதுன்னா இடதுன்னு எடுத்துக்க. மேலேன்னா கீழே. பொய்யைத் திருப்பிப் போட்டா உண்மை. எங்கிட்ட கேட்டிருந்தா நாலு கலியாணத்தைக் காப்பாத்தியிருப்பேன்."

ஹார்லனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. என்ன மூளை!

ஞாயிற்றுக்கிழமை. வெயில். இடப்பக்கமிருந்து லேசான காற்று. கோழி, பன்றி, வான்கோழி எல்லாம் எப்படியோ முடிந்தன. அதைப் பற்றிப் பேச்சில்லை. கடா வரிசை வந்தது. முதலில் ஐந்து, அப்புறம் ஐந்து. ஒவ்வொரு ஐந்துக்கும் இரண்டே நிமிடம். இடமிருந்து வலமாக வரிசையாகத்தான் சுட வேண்டும்.

விசில் ஊதியது. ஹார்லன் முதல் கடாவின் வயிற்றைக் குறிவைத்தான். சுட்டான். கடா நின்றது.

"மூணு மணி," என்றாள் வெர்னா. "ஒரு சாண் வலது."

ஹார்லன் மீசைக்குள் சிரித்தான். வலதா? அப்படியானால் குண்டு போனது இடது பக்கம். அடுத்த கடாவுக்கு ஒரு சாண் வலது பக்கம் தள்ளிப் பிடித்தான். சுட்டான். நின்றது.

"மூணு மணி. இப்ப ரெண்டு சாண்."

அடிப்பாவி. கூசாமல் சொல்கிறாளே! இன்னும் வலது. சுட்டான்.

"மூணு மணி. ஹார்லன், நீ எங்க சுடறே?"

"எனக்குத் தெரியும்!"

"மூணு மணி," என்றாள் நான்காவதுக்கும். குரலில் ஒரு இழை மாறவில்லை. நடிப்பு என்றால் இதுவல்லவா நடிப்பு என்று வியந்துகொண்டே, ஹார்லன் தன் ஐந்தாவது கடாவுக்கு வலப்பக்கம் வெறும் வானத்தைக் குறிவைத்துச் சுட்டான்.

டங்!

கடா விழுந்தது. ஆனால் அது கஸ்ஸின் கடா. பக்கத்துத் தடத்தில் கஸ் தப்பவிட்ட முதல் கடா.

"ரொம்ப நன்றிடா!" என்று கஸ் தொப்பியைத் தூக்கினான். நடுவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. யாருக்கும் சேர்க்கவில்லை.

ஐந்தில் பூஜ்யம். இனி ஐந்துக்கு ஐந்து வேண்டும். இரும்பை மறுபடி நிமிர்த்தி வைக்கப் போனார்கள். கஸ் பக்கத்தில் வந்தான்.

"டேய், அவ உண்மையைத்தான் சொல்றா."

"நீதானேடா திருப்பிப் போடச் சொன்னே!"

"பொய்யைத் திருப்பிப் போடச் சொன்னேன். உண்மையைத் திருப்பிப் போட்டா நான் என்ன பண்ணுவேன்?"

ஹார்லன் துப்பாக்கியைப் பார்த்தான். தேய்ந்த கட்டையைத் தடவினான். இதை விட முடியாது. திரும்பி மனைவியைப் பார்த்தான். மானத்தை ஒரே மிடறில் விழுங்கினான்.

"வெர்னா. எங்க பிடிக்கட்டும்?"

"காத்து இடது பக்கத்துலேர்ந்து அடிக்குது. ஒரு சாண் இடது பிடி. மெதுவா."

விசில். பிடித்தான். சுட்டான். டங்! கடா மல்லாந்தது.

"அதே மாதிரி," என்றாள்.

டங்!

"அதே மாதிரி."

டங்! லீவர் இறங்கி ஏறியது. சத்தமே இல்லை. அடடா, என்ன துப்பாக்கி! டங்! நாலு.

கூட்டம் கூடிவிட்டது. வறுத்த சாஸேஜ் தட்டோடு நாலு பேர் வந்து நின்றார்கள். இன்னும் ஒரே ஒரு கடா. நாற்பது நொடி பாக்கி. ஹார்லன் தோளில் ஏற்றினான்.

"இரு," என்றாள் வெர்னா. "காத்து நின்னுடுச்சு. நடு வயித்துல பிடி."

ஹார்லனின் விரல் நின்றது.

என்னது? நாலு தடவை இடது என்றவள், கடைசிக் கடாவுக்கு மட்டும் நடுவா? சரியாகக் கடைசிக்கு? ஓஹோ! நாலு உண்மையைத் தூண்டிலில் மாட்டி, ஒரு பொய்யால் இழுக்கப் பார்க்கிறாள். அப்படியா சங்கதி! ஹார்லன் என்ன நேற்றுப் பிறந்தவனா?

"ஹார்லன், நடுவுல."

"கேட்டுது, கேட்டுது."

திடல் ஓரத்தில் காற்றுக்கொடி இருந்தது. அதைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வெர்னாவின் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. அதுவே சாட்சி என்று முடிவு கட்டினான்.

ஒரு சாண் இடது பிடித்தான். சுட்டான்.

சத்தம் போய்த் திரும்பி வந்தது. கடா அசையவில்லை. கொம்பும் கம்பீரமுமாக நின்றது.

"ஒன்பது மணி," என்றாள் வெர்னா. "ஒரு சாண் இடது."

கஸ் கொடியைப் பார்த்தான். கூட்டமும் பார்த்தது. கடைசியில் ஹார்லனும் பார்த்தான். கொடி காயப்போட்ட சட்டை மாதிரித் தொங்கியது.

வெர்னா கையை நீட்டினாள். ஹார்லன் லீவரைத் திறந்து, உள்ளே காலியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுபோலக் கொடுத்தான். அவள் அதை ஒரே வீச்சில் தோளில் பொருத்தினாள். அளவெடுத்து வைத்ததுபோல இருந்தது.

"கட்டை கொஞ்சம் குட்டை," என்றாள். "உனக்கு. எனக்குச் சரியா இருக்கு. பிரிச்ச அன்னைக்கே தோள்ல வச்சுப் பார்த்தேன்."

"நீ... சுடப்போறியா?"

"அடுத்த மாசம் பெண்கள் பிரிவுல பேர் குடுத்தாச்சு. பின்னால நின்னு நீ மணி சொல்லு."

"எப்ப குடுத்தே பேர்?"

"வெள்ளிக்கிழமை."

வண்டியில் அது அவள் மடியில் வந்தது. ஹார்லன் ஓட்டினான். எட்டு மைல் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான். ஒன்பதாவது மைலில் பொறுக்க முடியவில்லை.

"ஏன் வெர்னா, நான் தோக்கணும்னுதானே உனக்கு ஆசை? பத்துக் குண்டுல ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருப்பேன் ஹார்லன்," என்றாள் வெர்னா, லீவரைத் தடவிக்கொண்டே. "நான் சொல்றதை நீ கேக்கறவனா இருந்தா."