பையற்ற வளாகம்

தலைமை அலுவலகத்தின் இயக்குநர் வெளிநாட்டுப் பயிற்சி முடிந்து திரும்பும்போது ஒரு சொல்லைக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் யாரும் அதைப் பிரித்துச் சோதிக்கவில்லை. மறுநாள் காலை அது வாசலில் பலகையாக ஏறிவிட்டது: ‘இது பேக் ஃப்ரீ ஆபீஸ்.’

அவர் போய்வந்த நாட்டில் யாரும் அலுவலகத்துக்குள் பை தூக்கிக்கொண்டு போவதில்லையாம். மேசைகள் பளபளவென்று இருக்குமாம். மேசை பளபளத்தால் மூளையும் பளபளக்கும் என்பது இயக்குநரின் மேலான கருத்து.

பலகையை அவரவர் வசதிக்கு ஏற்பப் படித்தார்கள். பேக் இலவசம் என்று படித்த பொதுமக்கள், மதியத்துக்குள் தெருமுனை வரை வரிசை கட்டிவிட்டார்கள். ஆளுக்கு ஒன்றா குடும்பத்துக்கு ஒன்றா, ஜிப் உண்டா இல்லையா என்று தள்ளுமுள்ளு நடந்தது. கணக்குப் பிரிவிலோ, ‘பேக்கு’கள் இல்லாத அலுவலகம் என்று படித்துவிட்டு, யாரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்களோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டார்கள். தன் முகத்தைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இயக்குநர் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். மொழிபெயர்ப்பாளர் ஐம்பதைத் தாண்டியவர். ‘மற்றும்’ போடுவதா ‘அல்லது’ போடுவதா என்று யோசித்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் ரகம்.

“நல்ல தமிழ்ல ஆணை போடுங்க. ஒரு ஓட்டை இருக்கக் கூடாது.”

“பைகளுக்கு அனுமதி இல்லைன்னு போட்டாப் போதுமே சார்.”

“கைப்பைன்னு போட்டா தோள்பையோட வருவான். தோள்பைன்னு போட்டா துணிப்பையோட வருவான். எல்லாப் பையும் அடங்கணும், ஆனா ஒரே வரியில இருக்கணும்.”

மொழிபெயர்ப்பாளர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினார்: ‘பை என முடியும் யாவும் இவ்வளாகத்தினுள் இதனால் தடைசெய்யப்படுகின்றன.’ எழுதிய பிறகு ‘யாவும்’ மேல் பேனாவைக் கொண்டுபோனார். ஆனால் வாக்கியம் அழகாக இருந்தது. அழகான வாக்கியத்தை அடிக்க அவருக்குக் கை வரவில்லை.

ஆணையை வாசல் காவலாளியிடம் கொடுத்தார்கள். அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கைப்பைகளுக்கு டோக்கன் கொடுத்து அலமாரியில் வைத்தார். அடுத்து சட்டைப்பை. வாசலிலேயே ஒரு தையல்காரர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். தேநீர்க் கோப்பை நின்றுபோனது. ஊழியர்கள் கொதித்துப்போய் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். கோப்பு எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனால் அது கோப்பைக் கொண்டுபோனதாகும் என்று காவலாளி விளக்கியபோது ஆர்ப்பாட்டம் சட்டென்று அடங்கியது. குப்பைக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அது ஆணைக்கு முன்பிருந்தே உள்ளே இருந்தது.

பிறகு இரைப்பை வந்தது. தீவிர ஆலோசனைக்குப் பின், ஊழியர்களின் இரைப்பைக்கு நிரந்தர அனுமதி வழங்கப்பட்டது. பொதுமக்களின் இரைப்பை காலியாக இருந்தால் அனுமதிக்கலாம் என்று முடிவானது. அவர்களில் பெரும்பாலோருக்கு இதனால் சிரமம் இருக்கவில்லை. பித்தப்பையை அறுத்து எடுத்துவிட்ட ஒரு பெரியவருக்கு இயக்குநர் கைகொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மொழிபெயர்ப்பாளரின் மகள் வந்தாள்.

அவள் இதே துறையில் தொலைவில் ஒரு ஊரில் வேலை பார்த்தாள். நிறைமாதம். இனிமேல் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாறுதல் ஆணையில் இன்றைக்குக் கையெழுத்து விழுந்தால் அம்மா பக்கத்தில் இருக்கப் பிரசவம். விழாவிட்டால் நாளைக்கே பஸ் ஏறித் தனியாகப் போய்க் கிடக்க வேண்டும். நேரில் வந்தால்தான் கையெழுத்து என்பது விதி. பையற்ற வளாகம் பற்றி உரையாற்ற இயக்குநர் அன்று மாலை விமானம் ஏறுகிறார்.

மொழிபெயர்ப்பாளர் ஓடிவந்தபோது மகள் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

“அப்பா, இவர் என்னமோ கேக்கறார், பாருங்க.”

“தப்பா ஒண்ணும் கேக்கலை சார்,” என்றார் காவலாளி. “கருப்பை. காலியா இருந்தா நானே வழி விட்டிருப்பேன். உள்ள ஆள் இருக்கு. இங்க வெச்சிட்டு டோக்கன் வாங்கிக்கட்டும்.”

“வெச்சிட்டா?” மகளுக்கு மூச்சு வாங்கியது. “நல்ல வேளை, அலமாரி பெருசா வெச்சிருக்கீங்க! யோவ், இது என்ன டிபன் டப்பாவா?”

“என் மேல ஏன்மா கோபம்? ஆணைல இருக்கு. எழுதினது உங்க அப்பாதான்.”

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்தார். உள்ளே ஓடிப்போய் இயக்குநரிடம் நின்றார்.

“ஒரு சின்னத் திருத்தம் சார்...”

“திருத்தம்னா முதல்ல தப்புன்னு ஆயிடும். இன்னிக்குப் போய் அதைத்தான் உதாரணமாப் பேசப்போறேன். சொந்த மகள்னு சட்டத்தை வளைக்கலாமா?”

மீண்டும் வாசலுக்கு வந்தார். மகள் படியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. வாழ்நாளில் முதல்முறையாக, ‘மற்றும்’, ‘அல்லது’ எதையும் யோசிக்காமல் அவர் வாயைத் திறந்தார்.

“யோவ், இவளை உள்ள விடு. முழுப் பொறுப்பை நான் ஏத்துக்கறேன்.”

காவலாளி கம்பைக் குறுக்கே நீட்டினார்.

“எதை சார்?”

“பொறுப்பை!”

“அப்ப நீங்களும் போக முடியாது. பைன்னு முடியுது.”

“அது வேற்றுமை உருபுய்யா!”

“உருபோ உருப்படியோ, உள்ள போகாது.” காவலாளி குரலைத் தாழ்த்தினார். “மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க சார். இந்த வாசல்ல எல்லாப் பையும் பிடிச்சிருக்கேன். பொறுப்பை எடுத்துக்கிட்டு உள்ள போகப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். வெச்சிட்டுப் போங்க. மத்தவங்க வீட்டுலயே வெச்சிட்டு வந்துடறாங்க.”

மொழிபெயர்ப்பாளர் மகளைப் பார்த்தார். காவலாளி நீட்டிய டோக்கனைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

உள்ளே நடந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. யாரையும் கேட்காமல் மகளின் மாறுதல் ஆணையை எடுத்து இயக்குநரின் மேசையில் வைத்தார்.

“நேர்ல வந்தாச்சா?”

“வந்தாச்சு சார்.”

“யாராவது கேட்டா?”

“எனக்குத் தெரியாது சார்.”

“எனக்கும் தெரியாது,” என்று இயக்குநர் நிமிராமலே கையெழுத்துப் போட்டார். இத்தனை வருடச் சேவையில் அவ்வளவு வேகமாக ஒரு காரியம் நடந்து மொழிபெயர்ப்பாளர் பார்த்ததில்லை.

வெளியே வந்து ஆணையை மகளிடம் கொடுத்து, கைத்தாங்கலாக எழுப்பி, ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார். பின்னாலேயே காவலாளி வந்தார்.

“சார், டோக்கன் கொடுங்க. உங்களோடதை எடுத்துக்கலையா?”

மொழிபெயர்ப்பாளர் டோக்கனை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

“இருக்கட்டும்பா,” என்றார். “நாளைக்கும் ஆபீஸ் வரணுமே.”