மக்காச்சோளக் கதிர் போட்ட கம்பளி

இரண்டாவது கம்பளி இழவுப் பந்தலுக்குள் நுழைந்தபோதே மொலேஃபி எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவதும் வாசலில் குதிரையை விட்டு இறங்குவதைப் பார்த்ததும், பாவம், மனிதர் பந்தல் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்று. கருநீலம், ஓரத்தில் மஞ்சள் கோடு, முதுகில் பெரிய மக்காச்சோளக் கதிர்.

தப்பு யார் மேல்? சந்தேகமே வேண்டாம், அவர் மேல்தான். தேர்தலில் அவர் கட்சி ஐம்பத்திரண்டு இடம் ஜெயித்திருந்தது. நூற்றிருபது பேர் சபையில் வருகிற திங்கட்கிழமை, எத்தனை பேர் வந்தாலும் சரி, அறுபத்தொரு கை தூக்கினால்தான் ஆட்சி. மூன்று சின்னக் கட்சிகளிடம் நாலு, மூன்று, இரண்டு. கூட்டிப் பாருங்கள், கச்சிதமாக வரும். தலைவர் ராலெபிட்சோ, கட்சிச் செயலாளரான மொலேஃபியைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "அறுபத்தொண்ணோட வா. அறுபதோட வந்தேன்னா தலைநகர் மசேரு பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

மூன்று கட்சிக்கும் வேண்டியது ஒரே துறை. விவசாயம். மொலேஃபி மூவருக்கும் அதையே கொடுத்துவிட்டார். தனித்தனியாக, ரகசியமாக. வெறும் வாய்ச்சொல்லை இந்த மலைநாட்டில் யார் மதிக்கிறார்கள்? மூவர் தோளிலும் கம்பளி போர்த்தினார். உள்மடிப்பில் 'விவசாயத் துறை தங்களுக்கே' என்று அவரவர் பெயர் போட்ட கடிதமும் குத்தி வைத்தார். போர்த்திய பிறகு பின்வாங்கினால் ஊரில் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது. விவசாயம் ஆயிற்றே என்று கதிர் போட்ட கம்பளியாகப் பார்த்து வாங்கினார். மூன்றையும் ஒரே கடையில் ஒரே கட்டாக வாங்கினார் பாருங்கள், அதுதான் அவருடைய புத்திசாலித்தனம்.

"பதவியேற்பு அன்னிக்குப் போட்டுக்குங்க" என்றுதான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் இன்று டாவு ஐயாவின் அடக்கம். போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டவர். இந்தத் தொகுதியில் மூன்று தேர்தலாகத் தோற்காதவர். எல்லாக் கட்சிக்காரர்களும் மதித்த மனிதர். மூவரும் வராமல் இருப்பார்களா? மலையில் பனி கொட்டும்போது புதுக் கம்பளியைப் பெட்டியில் பூட்டிவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்பார்களா?

மொலேஃபி ஓடினார். நாலு இடக்காரர் செகூட்டுவைக் கிழக்கு மூலையில் உட்கார வைத்தார். மூன்று இடக்கார மாபொலோக்கோ அம்மாளைப் பெண்கள் பக்கம் அனுப்பினார். இரண்டு இடக்கார மொட்சாமாயை ஒரு தூணுக்குப் பின்னால் சொருகினார்.

செகூட்டு ஆறடி உயரம். இளமையில் கம்புச் சண்டையில் மூன்று பேர் மண்டையை உடைத்தவர் என்று பேச்சு. இன்றும் கம்பு கையில் இருந்தது.

"என்ன மொலேஃபி, பனியில வேர்க்குது?"

"துக்கம் ஐயா. எனக்குத் துக்கம் வந்தா வேர்க்கும்."

"வாக்கு வாக்குதானே?" கம்பால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கம்பளியே போர்த்திட்டேனே ஐயா!"

அந்த நேரம் பார்த்து ஊர்த்தலைவர் வந்து சேர்ந்தார். "இது என்ன கூத்து? கட்சித் தலைவருங்களை மூலையிலயும் தூணுக்குப் பின்னாலயும் உக்கார வெக்கிறதா? எங்க ஊரு மானம் என்னாகுறது? மூணு பேரும் முன்வரிசைக்கு வாங்க!"

முன்வரிசையா! பக்கத்தில் பக்கத்தில் மூன்று கதிரா! மொலேஃபி வெளியே பாய்ந்தார். "கணப்பு! கணப்புச் சட்டி எங்கே? பெரியவங்க குளிர்ல சாகுறாங்களே!" என்று கத்தி, ஊரில் இருந்த எட்டுச் சட்டியையும் பந்தலுக்குள் கொண்டுவர வைத்தார்.

பந்தல் கொதித்தது. தலைவர்கள் எழுந்து வருவதற்குள் கம்பளிகளைக் கழற்றிவிட்டார்கள். மொலேஃபி மூச்சு விட்டார். அரை மூச்சுதான். ஏனென்றால் டாவு ஐயாவின் மகள் லினேயோ மூன்று கம்பளியையும் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே மேஜையில் அடுக்கிவிட்டாள்.

"எது யாருதுன்னு தெரியுமாம்மா?" என்றார் மொலேஃபி.

"மூணும் ஒண்ணுதானே ஐயா. எதை எடுத்தா என்ன?"

கடிதம்! உள்ளே கடிதம் இருக்கிறதே! செகூட்டு ஐயாவுக்கு எழுதிய கடிதம் மாபொலோக்கோ அம்மாள் கையில் போனால்? எடுத்துவிடலாம் என்று மேஜைப் பக்கம் ஓர் அடி வைத்தார். அதற்குள் பாதிரியார் அவர் பெயரைச் சொல்லி இரங்கல் உரைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது. கண் முழுக்க மேஜையில். "டாவு ஐயா எங்கேயும் போகலை! இன்னிக்கும் அவர் எங்களோடதான் இருக்கார்! எங்க கணக்குல என்னிக்கும் இருப்பார்!" என்று முழங்கினார். கிழவிகள் விசும்பினார்கள்.

பாட்டு தொடங்கியதும் நழுவி வந்து, கம்பளி அடுக்குக்குள் முழங்கை வரை கையை விட்டார்.

"என்ன ஐயா தேடுறீங்க?"

பின்னால் லினேயோ நின்றிருந்தாள்.

"ஒ... ஒண்ணுமில்லம்மா. பூச்சி ஏதாவது..."

"எழவு வீட்டுல கம்பளி திருடுறவரை நான் இப்பத்தான் பாக்குறேன்."

அவர் பதறிக் கையை உருவ, அடுக்கு சரிந்து மூன்றும் கீழே புரண்டன. இனி ஆண்டவனாலும் எது யாருடையது என்று சொல்ல முடியாது. சவப்பெட்டி கிளம்பியது. மூவரும் வந்து ஆளுக்கொன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

பத்து அடி நடந்திருப்பார்கள். மாபொலோக்கோ அம்மாள் கழுத்தை எதுவோ குத்துகிறதே என்று மடிப்பைப் பிரித்தார். கடிதத்தைப் படித்தார். செகூட்டுவைப் பார்த்தார். செகூட்டு தன் மடிப்பைப் பிரித்தார். பிறகு மொட்சாமாய். பிறகு மூவரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தார்கள். கதிர், கதிர், கதிர்.

மூவரும் அப்படியே திரும்பி மாட்டுப்பட்டியின் கல்சுவருக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

மொலேஃபி குழியருகே நின்றார். மண் போடுங்கள் என்றார்கள், போட்டார். பாதி மண் அவர் செருப்பிலேயே விழுந்தது. சுவருக்கு மேலே கம்பின் நுனி மட்டும் ஆடி ஆடித் தெரிந்தது. ஆட்சி போயிற்று, வேலை போயிற்று, அந்தக் கம்பு ஆடுகிற வேகத்தைப் பார்த்தால் மண்டையும் போயிற்று. பக்கத்தில் இன்னொரு குழி வெட்டச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அடக்கம் முடிந்து சாப்பாட்டு வரிசை நின்றபோது மூவரும் வந்தார்கள். செகூட்டு கம்பை உயர்த்தினார். மொலேஃபி கண்ணை மூடிக்கொண்டார்.

கம்பு மெதுவாக அவர் தோளில் வந்து உட்கார்ந்தது.

"மூணு நாளா எங்களை ஒருத்தரை ஒருத்தர் பாக்கவிடாம ஓட்டினியே, நீ மனுஷனா?" என்றார் மாபொலோக்கோ அம்மாள். "உக்காந்து பேசினா பத்து நிமிஷ வேலைடா! துறையை மூணாப் பிரிச்சாச்சு. பயிர் செகூட்டு அண்ணனுக்கு. மாடு மொட்சாமாய்க்கு. ஆட்டு ரோமம் எனக்கு."

"மூ... மூணு மந்திரியா?"

"மூணு மந்திரி, மூணு கார்" என்றார் மொட்சாமாய். அன்று அவர் வாய் திறந்தது அதற்குத்தான்.

"கதிர் இருக்கிற கம்பளி எனக்குத்தான் பொருத்தம்னு சொன்னேன்" என்று செகூட்டு சிரித்தார். "ஆனா மூணு பேருமே கழட்ட மாட்டேன்னுட்டோம்."

மொலேஃபிக்கு அழுகையே வந்துவிட்டது. தலைவர் ராலெபிட்சோவுக்குப் போன் போட்டார். "தலைவரே! மூணு பேரும் சேந்துட்டாங்க! அறுபத்தொண்ணு!"

"மொலேஃபி! நீ என் வயித்துல பொறக்காத புள்ளடா!" என்று போன் அலறியது. "எண்ணு, எண்ணு, என் காதால கேக்கணும்!"

மொலேஃபி தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, ஊரே கேட்க எண்ணினார். "அம்பத்திரண்டு நம்மது! நாலு, அம்பத்தாறு! மூணு, அம்பத்தொம்பது! ரெண்டு, அறுபத்தொண்ணு! திங்கக்கிழமை அத்தனை கையும் ஒண்ணாத் தூக்கிடும் தலைவரே!"

கறி பரிமாறிக்கொண்டிருந்த லினேயோ கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"அந்த அம்பத்திரண்டுல எங்கப்பாவும் ஒருத்தர்தானே ஐயா? திங்கக்கிழமை கை தூக்க அவரைத் தோண்டி எடுத்துட்டுப் போவீங்களா?"